மேடையில் கூப்பிட ஒரு பெயர்! இறந்துபோன மாணவ-மாணவிகளுக்குப் பள்ளிக்கூட விழாவில் இடம் கிடைக்குமா?

கோவை,

கேரள மாநிலம் திருச்சூரில் 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி பட்டமளிப்பு விழா நடந்தது. டாக்டருக்குப் படித்தவர்கள் பட்டம் வாங்கும் விழா. வந்தனா தாஸ் என்ற மாணவியின் பட்டத்தை வாங்க மேடை ஏறியது வந்தனா அல்ல. அவருடைய அப்பாவும் அம்மாவும்!

கவர்னர் ஆரிப் முகமது கான் கையிலிருந்து மகளின் எம்.பி.பி.எஸ். பட்டத்தைப் பெற்றோர் வாங்கினார்கள். மகள் இறந்து அன்றோடு 84 நாள்.

வந்தனா யார் என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்கு மறந்திருக்காது. கொல்லம் ஜில்லா கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்தவர். 2023 மே 10-ந் தேதி அதிகாலை, போலீசார் சிகிச்சைக்கு அழைத்து வந்த ஆசாமி கத்திரிக்கோலால் குத்தியதில் உயிரை விட்டார். கேரளாவே கொதித்தது. டாக்டர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் கடும் தண்டனை என்று அந்த மாதமே அவசரச் சட்டம் வந்தது.

பரீட்சை எல்லாம் எழுதி பாஸ் பண்ணிவிட்டார். பயிற்சிக் காலம் மட்டும்தான் பாக்கி. "அவர் சம்பாதித்த பட்டம் அவருக்குத்தான் சேரும்" என்ற கணக்கில் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகம் பட்டத்தைக் கொடுத்தது.

கோவையிலிருந்து திருச்சூர் எவ்வளவு தூரம்? வாளையார் தாண்டி, பாலக்காடு தாண்டினால் திருச்சூர். பஸ்சில் சுமார் மூன்று மணி நேரம். அவ்வளவு பக்கத்தில் நடந்த காரியம் இது. கோவை, திருப்பூர், ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படி நடக்குமா? நடக்க வேண்டாமா? இதுதான் கேள்வி.

நமக்கு ஏது பட்டமளிப்பு விழா?

"பள்ளிக்கூடத்தில் ஏதுங்க பட்டமளிப்பு விழா? அது காலேஜில்தானே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இன்றைக்குச் சில தனியார் பள்ளிகளில் யு.கே.ஜி. குழந்தைக்கே கறுப்பு அங்கி மாட்டி, தலையில் தொப்பி வைத்து, போட்டோ எடுக்கிறார்கள். ஆனால் பிளஸ்-2 முடிக்கிற அரசுப் பள்ளி மாணவனுக்கு அங்கியும் கிடையாது, தொப்பியும் கிடையாது. அவனுக்கு இருப்பது மூன்று நாள்.

ஒன்று, பிரிவு உபசார விழா. கலர் பேப்பர் ஒட்டி, மிக்சர், கேக் கொடுத்து, குரூப் போட்டோ எடுக்கிற நாள். இரண்டாவது, ரிசல்ட் வருகிற நாள். மூன்றாவது, மார்க் ஷீட்டும் டி.சி.யும் வாங்குகிற நாள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நம் ஊர்ப் பிள்ளைகளின் பட்டமளிப்பு விழா. கூட ஆண்டு விழாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த நாட்களில், நடுவிலேயே இறந்துபோன பிள்ளைக்கு என்ன இடம்?

ஒரு வகுப்பில் 45 பேர். வருஷ நடுவில் ஒரு பையன் பைக் விபத்தில் போய்விடுகிறான். அல்லது காய்ச்சலில் ஒரு பெண் போய்விடுகிறாள். மறுநாள் காலை பிரேயரில் மவுன அஞ்சலி. ஒரு நாள் லீவு. கிளாஸ் வாத்தியாரும் சிநேகிதர்களும் வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வருவார்கள். பதிவேட்டில் அந்தப் பெயருக்கு மேல் கோடு விழும். அவ்வளவுதான்! அடுத்த மாதம் முதல் வகுப்பில் 44 பேர்.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லவில்லை. பதிவேட்டின் வேலை அது. சத்துணவுக் கணக்கு, புத்தகக் கணக்கு, சைக்கிள் கணக்கு எல்லாம் தலைக்கணக்கைப் பார்த்துத்தான் போகிறது. இல்லாத பிள்ளைக்கு முட்டை வாங்க முடியாது.

காலி நாற்காலி ஒரே இடத்தில்

ஆனால் ஒரு விஷயம் பாருங்கள்.

பொதுத்தேர்வுக்கு முன்பே பள்ளியிலிருந்து மாணவர் பெயர்ப் பட்டியல் தேர்வுத் துறைக்குப் போய்விடும். நம்பர் வந்துவிடும். பட்டியல் போன பிறகு பிள்ளை இறந்தால், அந்த நம்பர் அப்படியே நிற்கும். பரீட்சை அன்று ஹாலில் பெஞ்சின் மேல் அந்த நம்பரை எழுதி வைத்திருப்பார்கள். பெஞ்சு காலியாகக் கிடக்கும். மேற்பார்வை பார்க்கிற வாத்தியார் அந்த நம்பருக்கு நேராக "ஆப்சென்ட்" என்று எழுதிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போவார். அவர் வேறு பள்ளிக்கூடத்து வாத்தியார். அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது.

இறந்துபோன பிள்ளைக்கு நம் ஏற்பாட்டில் காலி நாற்காலி போடுகிற ஒரே இடம் இந்தப் பரீட்சை ஹால்தான். அதுவும் மரியாதைக்கு அல்ல, கணக்குக்கு! பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளைக்குக் கடைசியாகக் கிடைக்கிற பட்டம் "ஆப்சென்ட்".

நடூர் சுவர்

இது எங்கோ தூரத்துச் சங்கதி அல்ல. நம் ஜில்லாவையே எடுத்துக்கொள்வோம்.

2019 டிசம்பர் 2-ந் தேதி அதிகாலை. கொட்டுகிற மழை. மேட்டுப்பாளையம் நடூரில் பெரிய மதில் சுவர் இடிந்து பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். படிக்கிற பிள்ளைகளும் அதில் உண்டு. ஒரு தகப்பனார், இறந்துபோன தன் மகன், மகள் இருவருடைய கண்களையும் தானமாகக் கொடுத்தார். தமிழ்நாடே அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட்டது.

அதற்கு முந்தின வருஷம், 2018 ஜூலை 12-ந் தேதி. நரசீபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பேரிடர் ஒத்திகை. மாடியிலிருந்து குதிக்கச் சொல்லிப் பயிற்சி. தயங்கி நின்ற 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளியதில், கீழ்த்தளத்து ஸ்லாப்பில் தலை அடிபட்டு அந்தப் பெண் இறந்தார். அந்தப் பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் கைவிரித்தது. போலீசார் ஆளைக் கைது செய்தார்கள். இரண்டாம் வருஷம் படித்த பெண். உயிரோடு இருந்திருந்தால் 2020-ல் டிகிரி முடித்திருப்பார்.

இந்த மாதிரி சாவுகளில் நிவாரணப் பணம் உடனே அறிவிக்கப்படும். கலெக்டர் வருவார். மந்திரி வருவார். போட்டோ வரும். ஆனால் இரண்டு வருஷம் கழித்து, கூடப் படித்த பிள்ளைகள் மேடையேறுகிற நாளில் அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள்? அந்த நாள்தான் பெற்றவர்களுக்குக் கஷ்டமான நாள். தெருவில் மற்ற பிள்ளைகள் ரிசல்ட் பார்த்துவிட்டுச் சாக்லெட் கொடுத்துக்கொண்டு ஓடும்போது, அந்த வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கும்.

94 பிள்ளைகள்: ஒரு கணக்கு

கும்பகோணத்தை மறக்க முடியுமா? 2004 ஜூலை 16-ந் தேதி. காசிராமன் தெருவில் ஒரே கட்டிடத்தில் மூன்று பள்ளிகள். மேலே கூரைக் கொட்டகை. சமையல் கூடத்துத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். எல்லாம் சின்னஞ்சிறுசுகள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கொட்டகை கூடாது என்று அரசு கண்டிப்புக் காட்டியது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு 4-ம் வகுப்பில் இருந்த குழந்தை பிழைத்திருந்தால் 2013 மார்ச்சில் பிளஸ்-2 பரீட்சை எழுதியிருக்கும். கேசில் தஞ்சாவூர் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது எப்போது? 2014 ஜூலை 30-ந் தேதி! பிள்ளைகள் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கக்கூடிய காலம் தாண்டித்தான் தீர்ப்பு வந்தது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. பிறகு 2017-ல் ஐகோர்ட்டு அந்தத் தண்டனையைக் குறைத்தது.

கும்பகோணத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. ஜூலை 16 வந்தால் பெற்றோர் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஆனால் அது சாவு நாள். அந்தப் பிள்ளைகள் படிப்பை முடித்திருக்க வேண்டிய நாள் வேறு. அந்த நாளை இங்கே யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

நினைத்துப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. அது தென்கொரியாவில் இருக்கிறது.

பெயரை அடித்தார்கள், பெற்றோர் திரண்டார்கள்

2014 ஏப்ரல் 16-ந் தேதி "செவோல்" என்ற கப்பல் கடலில் கவிழ்ந்தது. அன்சான் நகரத்து டான்வோன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து 325 மாணவ-மாணவிகள் சுற்றுலா போயிருந்தார்கள். 250 பேர் செத்தார்கள். தப்பித்தது 75 பேர்தான். "இடத்தை விட்டு நகராதே" என்று கப்பலில் மைக்கில் சொன்னார்கள். அதைக் கேட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கப்பலோடு போனார்கள். கேப்டன் தப்பித்து வந்தார். பிறகு ஆயுள் தண்டனை பெற்றார்.

தப்பித்த பிள்ளைகள் 2016 ஜனவரியில் படிப்பு முடித்தார்கள். இறந்தவர்களுக்கும் அன்றே கௌரவப் பட்டயம் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தது. பெற்றோர் வேண்டாம் என்றார்கள். "இன்னும் கடலிலிருந்து சில பிள்ளைகளை எடுக்கவே இல்லை. எல்லாரும் வந்த பிறகுதான் விழா" என்பது அவர்கள் கட்சி.

அந்த வருஷம் மே மாதம் ஒரு பூகம்பம் வெடித்தது. ஏதோ சான்றிதழ் கேட்டுப் போன பெற்றோருக்கு, பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் "நீக்கம்" என்று இருப்பது தெரிந்தது. 246 பேருக்கு அப்படி எழுதியிருந்தார்கள். படிப்பு முடிந்த செட், கணக்கை முடித்துவிட்டார்கள். பெற்றோர் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். "என் பிள்ளை என்ன தப்புச் செய்தான், நீக்குவதற்கு?" என்பதுதான் அவர்கள் கேள்வி. கடைசியில் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். பெயர்கள் திரும்பவும் பதிவேட்டில் ஏறின.

2019 பிப்ரவரி 12-ந் தேதி, மூன்று வருஷம் தாமதமாக, 250 பேருக்கும் கௌரவப் பட்டமளிப்பு விழா அந்தப் பள்ளியிலேயே நடந்தது. பிள்ளைகள் உட்கார வேண்டிய இடத்தில் பெற்றோர் உட்கார்ந்தார்கள். கல்வி மந்திரியும் வந்திருந்தார். பிள்ளைகள் படித்த வகுப்பறைகளின் மேஜை, நாற்காலிகளைக்கூட எடுத்துப் பாதுகாத்து, தனிக் கட்டிடத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? பெற்றோர் கேட்டது பணம் அல்ல, சிலை அல்ல. பதிவேட்டில் பெயர்! அந்த ஒரு வரிக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

அமெரிக்காவில் இரண்டு மாதிரி

துப்பாக்கிச் சூடு அடிக்கடி நடக்கிற அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை பழசு.

புளோரிடா மாநிலம் பார்க்லேண்டில் 2018 பிப்ரவரி 14-ந் தேதி பள்ளிக்கூடத்தில் புகுந்து சுட்டதில் 17 பேர் செத்தார்கள். அதில் 4 பேர் கடைசி வருஷ மாணவர்கள். ஜூன் மாதம் நடந்த விழாவில் அந்த நாலு பேருடைய பட்டயத்தையும் குடும்பத்தார் வந்து வாங்கினார்கள். ஒரு தாயார், "இங்கே என் மகன் அல்லவா இருக்க வேண்டும்" என்ற பொருளில் எழுதிய மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். கொடுத்த மரியாதையை வாங்கிக்கொண்டார். கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டார்.

நியூடவுன் என்ற ஊரில் 2012 டிசம்பர் 14-ந் தேதி 1-ம் வகுப்புக் குழந்தைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த செட் 2024 ஜூன் 12-ந் தேதி பள்ளிப் படிப்பை முடித்தது. விழாவில் அந்த 20 பெயர்களையும் வாசித்தார்கள். மவுனமாக நின்றார்கள். மாணவர்கள் அங்கியில் ரிப்பன் குத்தியிருந்தார்கள். பிறகு வழக்கம்போல விழா நடந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த ஊர் கணக்கை மறக்கவில்லை!

அதே அமெரிக்காவில், காலி நாற்காலி போட மாட்டோம் என்று சில பள்ளிகள் சொல்லி, பெற்றோர் சண்டை போட்ட சம்பவங்களும் உண்டு. ஆக, இது எல்லா ஊரிலும் இழுபறியான விஷயம்தான்.

"நல்ல நாளில் ஏன் சாவுப் பேச்சு?"

நம் ஊரில் இதைச் சொன்னால் முதலில் வருகிற ஆட்சேபம் இதுதான். "பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிற நாள். குத்துவிளக்கு ஏற்றுகிற நாள். அன்றைக்குப் போய் இறந்தவன் பெயரை எடுப்பதா? அபசகுனம்!"

நம் வீட்டு வழக்கத்தையே பார்ப்போம். வீட்டில் கல்யாணம் வைத்தால் முதல் வேலை என்ன? இறந்துபோனவர்களுக்குப் புதுத்துணி எடுத்து வைத்து, படையல் போட்டுக் கும்பிடுவது. அதிலும் கன்னியாக இறந்த பெண் இருந்தால், அவளுக்குப் பாவாடை, வளையல் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்ற காரியம். "நீயும் வந்து நில்லு கண்ணு" என்று கூப்பிடாமல் எந்த நல்ல காரியமும் தொடங்காத வீடுகள் நிறைய உண்டு. ஊர் எல்லையில் செத்தவனுக்கு நடுகல் நட்டு வைத்த பூமி இது.

வீட்டில் கல்யாணத்துக்கு முதல் அழைப்பு இறந்தவர்களுக்கு. பள்ளிக்கூடத்தில் மட்டும் அபசகுனமா?

பழைய குரூப் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். போட்டோ எடுத்த அன்று வராதவன் முகத்தை ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் ஒட்டிப் பிரிண்ட் போட்டிருப்பார்கள். அன்றைக்கு வரவில்லை, ஆனால் இவனும் இந்த வகுப்புத்தான் என்று அதற்கு அர்த்தம். ஸ்டுடியோக்காரருக்குத் தெரிந்த மரியாதை அது.

தற்கொலை என்றால்?

இரண்டாவது ஆட்சேபம் பலமானது. தள்ளிவிட முடியாது. "தற்கொலை செய்துகொண்ட பிள்ளைக்கும் மேடையில் மரியாதை என்றால், மற்ற பிள்ளைகளுக்கு என்ன தோன்றும்?"

மனநல டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது இரண்டு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் பள்ளிக்கூடம் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பெரிய விழா, இன்னொரு பிள்ளையின் பெயரே கூடாது என்றால், உயிரோடு இருக்கும் அதன் சிநேகிதர்கள்தான் உடைந்து போவார்கள். அதே சமயம், சாவை வீரம்போலப் பேசக் கூடாது. எப்படி இறந்தார் என்ற விவரம் கூடாது. பாட்டு, நாடகம், பெரிய பேனர் எல்லாம் கூடாது.

அதனால்தான் சுருக்கமான, எல்லாருக்கும் ஒரே அளவான முறை தேவைப்படுகிறது. பெயர். ஒரு நிமிஷ மவுனம். முடிந்தது. மனசு தாங்காத பிள்ளைகள் யாராவது இருந்தால் 14416 என்ற இலவச நம்பருக்கு எந்நேரமும் பேசலாம் என்று அன்றைக்கே மேடையில் சொல்லிவிடலாம். அந்த ஒரு அறிவிப்பு இன்னொரு உயிரைக் காப்பாற்றினாலும் காப்பாற்றும்.

மாலை போட்டால் கேஸ் முடியுமா?

மூன்றாவது சங்கதியை யாரும் வெளியே சொல்வதில்லை. பள்ளி நிர்வாகத்தின் பயம்! "பெயரைச் சொன்னால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே? கோர்ட்டில் கேஸ் இருக்கிறதே?" என்று சில நிர்வாகம் வாயை மூடிக்கொள்ளும். வேறு சில நிர்வாகம் இதற்கு நேர்மாறு. பெரிதாக அஞ்சலிக் கூட்டம் போட்டு, பெற்றோருக்குச் சால்வை போர்த்தி, "எல்லாம் விதி" என்று பேசி அனுப்பிவிடும்.

இரண்டும் தப்பு. மரியாதை வேறு, விசாரணை வேறு. மாலை போட்டதற்காக எந்த எப்.ஐ.ஆரும் ரத்தாகாது. பெயர் சொன்னதற்காக எந்தப் பள்ளியும் குற்றவாளி ஆகிவிடாது.

ஒரு உதாரணம். 2012 ஜூலை 25-ந் தேதி சென்னை சேலையூர் பள்ளி ஒன்றின் பஸ்சில், தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து 2-ம் வகுப்புச் சிறுமி இறந்தாள். ஐகோர்ட்டு தானே கையில் எடுத்தது. பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் அந்த வருஷமே வந்தன. கோவையில் வருஷா வருஷம் பள்ளி திறப்பதற்கு முன்னால் பி.ஆர்.எஸ். மைதானத்தில் மஞ்சள் பஸ்களை வரிசையாக நிறுத்தி, ஆர்.டி.ஓ. அதிகாரிகள் தரைப் பலகையைத் தட்டிப் பார்க்கிறார்களே, அவசர வழிக் கதவைத் திறந்து பார்க்கிறார்களே, அதற்குப் பின்னால் இருப்பது அந்தக் குழந்தைதான்.

அதுவும் ஒரு மரியாதைதான். பெரிய மரியாதை. ஆனால் அந்த மைதானத்தில் நிற்கிற எத்தனை டிரைவர்களுக்கு அது தெரியும்? ஒரு நிமிஷம் அந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டுச் சோதனையை ஆரம்பித்தால், பிரேக் பிடிக்கிற கால் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்காதா?

பணம் இருந்தால் பெயர்!

ஆண்டு விழாக்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். "மறைந்த இன்னார் நினைவுப் பரிசு, கணக்கில் முதல் மார்க் வாங்கிய மாணவிக்கு" என்று மைக்கில் சொல்வார்கள். பிள்ளையை இழந்த பெற்றோர் பேங்கில் டெபாசிட் போட்டு, வட்டியில் வருஷா வருஷம் பரிசு கொடுக்க ஏற்பாடு செய்திருப்பார்கள். நல்ல காரியம். கும்பிட வேண்டிய காரியம்.

ஆனால் அது வசதி உள்ளவர்களுக்கு. தறி ஓட்டுகிறவர், பனியன் கம்பெனிக்குப் போகிறவர், பவுண்டரியில் வேலை செய்கிறவர், வால்பாறையில் தேயிலை பறிக்கிறவர் டெபாசிட்டுக்கு எங்கே போவார்? காசு கட்டினால் பிள்ளை பெயர் வருஷா வருஷம் கேட்கும், கட்டாவிட்டால் ஒரு தடவைகூடக் கேட்காது என்பது என்ன நியாயம்?

அதே மாதிரி, டி.வி.யில் வந்த சாவுக்கு ஒரு மரியாதை, சத்தமில்லாமல் ஆஸ்பத்திரியில் போன பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்பதும் நியாயம் அல்ல. வந்தனா தாசுக்குக் கிடைத்தது நாடறிந்த கேஸ் என்பதால். டெங்குவில் இறந்த 10-ம் வகுப்புப் பையனுக்கு யார் கவர்னரைக் கூப்பிடுவார்கள்? அதனால்தான் இது மனசுக்கு மனசு விடுகிற காரியமாக இல்லாமல், உத்தரவாக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

செலவில்லாத ஐந்து காரியம் போதும்.

1. முதலில் பெற்றோரைக் கேட்க வேண்டும். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே போய்க் கேட்க வேண்டும். "வேண்டாமுங்க, எங்களால தாங்க முடியாது" என்று சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும். மேடைக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது.

2. பெயரைக் கடைசியில் தனியாகச் சொல்லாமல், வகுப்புப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் இடம் எதுவோ அந்த இடத்திலேயே கூப்பிட வேண்டும். 17-வது பெயர் என்றால் 17-வதாக! குரூப் போட்டோவிலும் ஓரத்து வட்டம் வேண்டும்.

3. எழுதாத பரீட்சைக்கு மார்க் கொடுக்க முடியாது. பொய்ச் சான்றிதழ் யாருக்கும் மரியாதை அல்ல. ஆனால் "இன்னார் எங்கள் பள்ளியில் இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை படித்தார்" என்று பள்ளி முத்திரையோடு ஒரு தாள் கொடுக்கலாமே! அதில் ஒரு பொய்யும் இல்லை. கல்லூரியில் பரீட்சைகளை முடித்துவிட்டு இறந்தவர்களுக்கு கேரளா போலப் பட்டமே கொடுக்கலாம். பல்கலைக்கழகங்கள் அதற்கு விதி செய்யட்டும்.

4. பிள்ளையின் நோட்டு, ஓவியம், போட்டோ, மற்ற சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பள்ளியே வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இறந்த பிள்ளையின் காகிதத்துக்காகப் பெற்றவர்களை ஆபீஸ் ஆபீசாக நடக்கவிடக் கூடாது.

5. பதிவேட்டில் வெறும் கோடு போடாமல், "படிக்கும்போது இறந்தார்" என்று தேதி போட்டு எழுத வேண்டும். "நீக்கம்" என்ற சொல் கூடாது. கொரியாவில் அந்த ஒரு சொல்லுக்குத்தான் அத்தனை போராட்டம்.

இதற்கெல்லாம் அரசாங்கத்தால் உத்தரவு போட முடியுமா என்று கேட்டால், முடியும். 2023 செப்டம்பர் 23-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்புச் செய்தார். உடல் உறுப்பு தானம் செய்கிறவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்றார். அதற்குப் பிறகு கூலித் தொழிலாளி வீட்டுக்கும் அதிகாரிகள் போய் மலர் வளையம் வைத்தார்கள். பணக்காரர், ஏழை பார்க்கவில்லை. உத்தரவு என்றால் அதுதான் பலன்.

உறுப்பு கொடுத்தவர் வீட்டுக்கு அதிகாரி போக முடியும் என்றால், படிக்கிற பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஹெட்மாஸ்டர் போக முடியாதா?

ஒரு பெயரைக் கூப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியில் யாரும் எழுந்து வரப்போவதில்லை. ஆனால் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, தன் பிள்ளையும் இந்த வகுப்பில் படித்தது என்று இத்தனை பேர் முன்னால் தெரிந்துவிடும். கூடப் படித்த 44 பேருக்கும், தங்களில் ஒருவரைப் பள்ளிக்கூடம் மறக்காது என்பது தெரிந்துவிடும்.

பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த பிரிவு உபசார விழாவிலேயே இதைத் தொடங்கலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஜில்லாக்களின் முதன்மைக் கல்வி அதிகாரிகள் முதல் ஆளாக முன்வருவார்களா?